வீடியோ காலில் ஒரு கையெழுத்து

1. மேசைக்கு வந்த முகம்

வக்கீலம்மாவின் மேசை மேல், சட்டப் புத்தகத்தில் சாய்த்து ஒரு செல்போனை நிறுத்தினார்கள். உள்ளே ஒரு முகம். தலையில் மஞ்சள் ஹெல்மெட். பின்னால் ஒரு கிரேன் ஆடிக்கொண்டிருந்தது.

"வணக்கம்மா. நாந்தேன் பாண்டி. சவூதியில இருந்து பேசுறேன். உசுரோடதான் இருக்கேன், நல்லாப் பாத்துக்கங்க. பாத்துட்டு அந்தப் பேப்பர்ல ஒரு சீலு போட்டுக் குடுத்துருங்க," என்றது முகம்.

"வலது பக்கம் திரும்புங்க. இடது பக்கம் திரும்புங்க. காதக் காட்டுங்க," என்றேன் நான்.

பாண்டி நிஜமாகவே ஹெல்மெட்டைக் கழற்றிக் காதைக் காட்டினார். வக்கீலம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் அலமாரியில் ஏதோ தேடுகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன்.

என்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் ஒரு நோட்டரி வக்கீலம்மாவிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன் நான். முட்டிவலி பார்த்துக் கொடுத்த ஓய்வு. படிப்பு எட்டாம் வகுப்பு பெயில். ஒன்பதாம் வகுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூட விசாரித்ததில்லை. ஆபீஸில் சீல் குத்துவது என் வேலை என்பதால் ஊரே என்னை 'சீலு' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கோர்ட்டு வாசலில் புதிதாகக் குமாஸ்தா வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாலு விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஒரு விஷயம்தான் தெரியும். அதை ஆறாக உடைத்து எழுதுகிறேன்.

நோட்டரி வேலை என்பது இவ்வளவுதான். ஒருவர் நேரில் வருகிறார். இன்னார்தான் என்று அடையாள அட்டையைக் காட்டுகிறார். நம் கண் முன்னால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், ரிஜிஸ்டரிலும் போடுகிறார். 'இவர் என் முன்னால் போட்டார்' என்று வக்கீலம்மா சாட்சி சொல்கிறார். அந்தச் சாட்சிக்குத்தான் சீலும் ஸ்டாம்பும். கையெழுத்துக்கு இல்லை. இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் சீல் என்பது பேப்பருக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனைக் கொண்டுவந்து நிறுத்தியவர் வேலுச்சாமி, பாண்டியின் தம்பி. கூட அவர் சம்சாரம் செல்வி. பரளச்சிப் பக்கத்து ஊர். அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் கூட்டாக ஒரு கிணறு, அதை ஒட்டி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மல்லியும் மிளகாயும். பெய்யாவிட்டால் கருவேலம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் டீசல் எஞ்சினுக்கு ஊற்றுகிற காசில் மிளகாயையே கடையில் வாங்கிவிடலாம். அதனால் அவர்கள் அப்பா தன் காலத்திலேயே விவசாய இலவசக் கரண்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். அப்பா போய்ச் சேர்ந்தார். வரிசை மட்டும் நகர்ந்து நகர்ந்து, ஒரு வழியாக இவர்கள் முறை வந்தது. கரண்டு ஆபீஸிலிருந்து நோட்டீஸ். இன்ன தேதிக்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். கிணறு கூட்டு என்பதால், கூட்டாளியின் சம்மதப் பத்திரம் ஸ்டாம்பு பேப்பரில், நோட்டரி முன்னால் கையெழுத்தாகி வர வேண்டும். தேதி தவறினால் வரிசை போய்விடும். மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

கூட்டாளி ஹெல்மெட்டோடு போனுக்குள் இருந்தார்.

வக்கீலம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "வேலு, நான் இதுல எழுதவேண்டியது என்ன? 'பாண்டிங்கிறவர் என் முன்னால வந்து கையெழுத்துப் போட்டார்'னு. பாண்டி என் முன்னாலயா இருக்காரு?"

"மொகத்துக்கு நேராலதானேம்மா இருக்காக?" என்றார் செல்வி.

"போன்தாம்மா என் முன்னால இருக்கு. அவரு சவூதியில இருக்காரு."

"நான் வேணும்னா இன்னுங் கிட்ட வாரேம்மா," என்று பாண்டி போனை முகத்தோடு ஒட்டினார். திரை முழுக்க மூக்கு. நான் அலமாரிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டேன்.

"கையெழுத்தும் போட்டு வாட்ஸப்புல அனுப்பிட்டாகம்மா. கலர் பிரிண்டே எடுத்து வந்துருக்கோம்," என்று வேலுச்சாமி ஒரு தாளை நீட்டினார்.

"இது கையெழுத்தோட போட்டோ. உங்கள போட்டோ எடுத்து மாட்டுனா அது சோறு திங்குமா? கையெழுத்து அங்க அவரு கையில இருக்குற பேப்பர்ல இருக்கு."

பிறகு முறையான வழியைச் சொன்னார். பாண்டி இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் முத்திரை வைத்த அசல் காகிதம் கூரியரில் இங்கே வர வேண்டும். அது வந்தால் எந்த ஆபீஸும் மறுபேச்சுப் பேசாது.

"எம்பசி ஊரு ரொம்பத் தூரம்மா," என்றது போன். "மாசத்துக்கு ஒருக்கா அவுகளே எங்க பக்கம் வந்து கேம்பு போடுவாக. இந்த மாசத்துக் கேம்பு போன வெள்ளிக்கெழமதான் முடிஞ்சது."

அடுத்த கேம்ப் வரைக்கும் காத்திருந்தால் நோட்டீஸ் தேதி தாண்டிவிடும்.

"அப்ப கரண்டு ஆபீஸ்ல போய் நாள் தள்ளிக் குடுப்பாகளான்னு கேட்டுப் பாருங்க," என்றார் வக்கீலம்மா.

"சரிங்கம்மா," என்றார் வேலுச்சாமி. இதை நான் கேட்டேன். 'சரிங்கம்மா' என்கிற வார்த்தையை எங்கள் பக்கத்தில் எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? முடியும் என்றாலும் சரிங்கம்மா, முடியாது என்றாலும் சரிங்கம்மா.

2. ஓடிபி போன வீடு

ரெண்டு நாள் கழித்து வேலுச்சாமி மறுபடி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. பாளையம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவர் யோசனை சொல்லியிருக்கிறார். ஆதாரை வைத்தே டிஜிட்டல் கையெழுத்துப் போடலாமாம். எங்கே இருந்தாலும் போடலாமாம். போனுக்கு ஒரு ஓடிபி வருமாம், அதைச் சொன்னால் போதுமாம்.

"அப்புறம் என்ன, போட்டீகளா?" என்றேன்.

"போட்டோம்ணே. ஓடிபி கோயமுத்தூருக்குப் போயிருச்சு."

விஷயம் இதுதான். பாண்டியின் ஆதாரில் இருந்தது அவருடைய பழைய ஊர் நம்பர். வெளிநாடு போனபின் ரீசார்ஜ் பண்ணாமல் கிடந்து, கம்பெனிக்காரன் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். சென்டர்காரர் போட்டுப் பார்த்தபோது கோயமுத்தூரில் யாரோ எடுத்தார்களாம்; வேலுச்சாமியும் என் முன்னாலேயே அந்த நம்பருக்குப் போன் போட்டார். நான்தான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆசை அதிகம்.

ஒரு அம்மா எடுத்தார்கள். "ஆருங்க?"

"யக்கா, இப்ப ஒங்க போனுக்கு ஒரு நம்பரு வந்துச்சுல்ல, அதக் கொஞ்சம் சொல்லுங்க. எங்கண்ணனோடது அது."

"பாண்டிங்களா உங்க அண்ணன்? ஏனுங்க, நானே அவரைத்தான் தேடிட்டு இருக்கறனுங்க. பேங்குக்காரங்க அவருக்குச் சொல்ற பொறந்தநாள் வாழ்த்துகூட எனக்குத்தானுங்க வருது. அவருக்குச் சிலிண்டர் வந்திருச்சாமா, சொல்லீருங்க."

"சொல்லிர்றேங்கா. அந்த நம்பரு..."

"அது சொல்லமாட்டனுங்க. ஆருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்குதுங்க." வைத்துவிட்டார்கள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேலுச்சாமியும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த வக்கீலம்மா வெளியே வந்தார். "ஓடிபி கெடச்சாலும் எனக்கு இதுல வேலை இல்ல வேலு. டிஜிட்டல் கையெழுத்து சட்டப்படி கையெழுத்துதான். ஆனா அது கம்ப்யூட்டர் ஃபைலுக்குள்ள இருக்குற வரைக்கும்தான். பிரிண்ட் எடுத்துட்டா அதுவும் படம்தான். அதுல நான் சீல் வச்சா படத்துக்கு வச்ச சீல். ஒங்க ஆபீஸ்ல கேக்குறது, ஸ்டாம்பு பேப்பர்ல மை வச்சுப் போட்ட கையெழுத்து. அந்த நாள் தள்ளிக் கேக்கச் சொன்னேனே, போனியா?"

"போனேம்மா."

"என்ன சொன்னாக?"

"பாப்போம்னாகம்மா," என்றார் வேலுச்சாமி, மேசைக் காலைப் பார்த்தபடி.

3. சேவுப் பொட்டலம்

அடுத்த வாரம் வேலுச்சாமியும் செல்வியும் ஒரு சேவுப் பொட்டலத்தோடு வந்தார்கள். கட்டிய நூலைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு கிலோ இருக்கும்.

"சீலண்ணே, எடுத்துக்கங்க. காரியம் முடிஞ்சிருச்சு," என்றார் செல்வி.

வாயில் சேவு இருக்கும்போது எனக்கு மூளை வேலை செய்யாது. வாயில் இல்லாதபோதும் அப்படித்தான் என்று வக்கீலம்மா சொல்வார்கள். அவர்தான் கேட்டார். "எந்தக் காரியம்?"

வேலுச்சாமி ஒரு ஜெராக்ஸைக் கொடுத்தார். சம்மதப் பத்திரம். கீழே பாண்டி என்று கையெழுத்து, பக்கத்தில் வெளியூர் நோட்டரி ஒருவரின் வட்ட முத்திரை, 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று ஒரு வரி.

"பாண்டி ஊருக்கு வந்தாரா?"

"இல்லம்மா, போன்ல வந்தாக. அங்க உள்ள வக்கீலு ஐயா ரொம்ப நல்ல மனுசரு. போன்ல மொகத்தப் பாத்தாக, பேரு கேட்டாக, அப்பன் பேரு கேட்டாக. 'சம்மதமா?'ன்னு கேட்டாக, 'முழுச் சம்மதம்'னு அண்ணன் சொன்னாக."

"கையெழுத்து?"

"நாந்தேம்மா போட்டேன். அண்ணன் போன்ல இருந்துக்கிட்டே 'போடுறா'ன்னு சொன்னாக, போட்டேன். அவுக ரிஜிஸ்டர்லயும் போட்டேன்."

நான் சேவுப் பொட்டலத்தை மடித்துத் தள்ளி வைத்தேன். நான் படிக்காதவன்தான், ஆனால் சீல் குத்திக் குத்தி எனக்கு ஒன்று தெரிந்திருந்தது: அந்த ஒரு வரி பொய்யாகிவிட்டால் மேலே இருக்கும் பத்து வரி நிஜமும் செத்துப்போகும்.

"அடுத்தவர் பேர்ல கையெழுத்துப் போடுறதுக்கு என்ன பேருன்னு தெரியுமா வேலு?" என்றார் வக்கீலம்மா.

"அடுத்தவரு இல்லம்மா, எங்கண்ணன்," என்றார் வேலுச்சாமி. அதில் எகத்தாளம் இல்லை. வக்கீலம்மாவுக்கு இது கூடவா தெரியாது என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. "சின்னப்பிள்ளையில ஸ்கூல்ல எங்கப்பா கையெழுத்து எனக்கு எங்கண்ணன்தான் போட்டுக் குடுப்பாக. அவுகளுக்காக நான் இப்பத்தானே போடுறேன்."

"இதோட அசல் எங்க?"

"கரண்டு ஆபீஸ்ல குடுத்தாச்சும்மா."

"போய்த் திருப்பி வாங்கு. தப்பாக் குடுத்துட்டேன்னு சொல்லி வாங்கு. வேற பேப்பர் வருது, அண்ணன் கேம்புக்குப் போறாருன்னு சொல்லு. இன்னைக்கே போ."

"சரிங்கம்மா," என்றார் வேலுச்சாமி.

செல்வி வாசல்வரை போய்த் திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "அம்மா படிச்சவுக, அவுகளுக்குப் பயம் இருக்கும்ணே. எங்களுக்கு இப்ப விட்டா எப்ப வரும்? எம்மாமனாரு இந்தக் கரண்டப் பாக்காமயே செத்தாரு. கரண்டு ஆபீஸ்ல கம்பத்துக்குக் குழி தோண்டுறோம்னு சொல்லிட்டாக. இதப் போய்த் திருப்பிக் கேக்கவா?"

அவர்கள் திருப்பி வாங்கவில்லை.

4. ஆதாரம்

கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. நான் ஒரு தடவை திருச்சுழிக்கு ஒரு சோலியாகப் போனபோது அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் கை தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. மிளகாய்ச் செடி ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்து 'என்ன சீலு, சௌக்கியமா' என்று கேட்கிற மாதிரி நின்றது. வேலுச்சாமி போனில் வீடியோ போட்டு அண்ணனுக்குத் தண்ணீரைக் காட்டினார். பாண்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இருந்த இடத்திலும் தண்ணீர் பஞ்சம்தானே.

இவர்களுக்கு ஒரு பங்காளி உண்டு, சோலை என்று பெயர். வரப்புத் தகராறு. சோலை டீக்கடையில் யாரிடமோ கேட்டிருக்கிறார்: "ஏலே, பாண்டி சவூதியிலல்ல இருக்கான்? எப்ப வந்து கையெழுத்துப் போட்டான்?" கேட்டதோடு நிற்காமல் அதையே ஒரு புகாராக எழுதிக் கரண்டு ஆபீஸில் கொடுத்துவிட்டார். விசாரணைக்கு வரச் சொல்லி வேலுச்சாமிக்குத் தகவல் வந்தது.

"வக்கீலம்மாவக் கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

"அவுக வையுவாகண்ணே. தப்பு இல்லேன்னு எங்கிட்ட ஆதாரம் இருக்கு. பேசுறதுக்குத்தான் எனக்கு வாயி வராது. நீங்க சும்மா கூட வாங்க."

என்ன ஆதாரம் என்று நான் கேட்டேன். அங்க வந்து பாருங்க என்றார். சரி, தூதரகக் காகிதம் ஏதோ வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு கூடப் போனேன். செல்வியும் வந்தார்.

ஏ.ஈ. சார் என்று எல்லோரும் கூப்பிடுகிற பொறியாளர் சின்ன வயதுக்காரர். மரியாதையாக உட்காரச் சொன்னார். புகாரைப் படித்தார். "உங்க அண்ணன் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அவர் வெளிநாட்டுல இருந்தார்னு எழுதியிருக்காங்க. என்ன சொல்றீங்க?"

"அண்ணனுக்கு முழுச் சம்மதம் சார். இந்தா பாருங்க," என்று வேலுச்சாமி போனை எடுத்தார். "அன்னைக்கே எம் பொஞ்சாதி வீடியோ எடுத்து வச்சிருக்கு. பின்னால ஒரு பேச்சு வந்துறக்கூடாதுல்ல."

போன் மேசையில் ஓடத் தொடங்கியது. அந்த வெளியூர் நோட்டரி ஆபீஸ். மேசையில் இன்னொரு போன், அதற்குள் பாண்டி. 'எந் தம்பிக்குக் கரண்டு எடுக்க எனக்கு முழுச் சம்மதம்' என்கிறார் பாண்டி. சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அப்புறம், 'போடுறா, எனக்காக நீ போடு.' வேலுச்சாமியின் கை தெரிகிறது. பேனா தெரிகிறது. மெதுவாக, எழுத்துக் கூட்டி, பா, ண், டி. செல்வி பக்கத்தில் போய் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடப் போட்டி மாதிரி. அடுத்து ரிஜிஸ்டர். அடுத்து சீல் விழுகிற சத்தம்.

பாதி வீடியோவிலேயே எனக்கு விளங்கிவிட்டது. போனைப் பிடுங்கி விழுங்கிவிடலாம் போல இருந்தது. ஏ.ஈ. சார் முகத்தைப் பார்த்தேன், அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"இது யார் கை?" என்று கேட்டார்.

"என் கைதேன் சார்."

"எழுதுறது யார் பேரு?"

"எங்கண்ணன் பேரு சார்." வேலுச்சாமி முகத்தில் இன்னும் பெருமைதான் இருந்தது. "நல்லாத் தெரியுதுல்ல சார்? வேற ஃபோன்லயும் இருக்கு, வேணும்னா அனுப்பவா?"

ஏ.ஈ. சார் பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஐயா, புகார்ல சந்தேகம்தான் எழுதியிருந்தாங்க. நீங்க சாட்சியே குடுத்துட்டீங்க. இதப் பாத்ததுக்கப்புறம் நான் மேல எழுதாம இருக்க முடியாது. லைன் போயிரும். போலீஸுக்கும் போகும்."

செல்விதான் முதலில் புரிந்துகொண்டார். "சார், அவுக சம்மதம் நெசந்தானே சார்?"

"நிஜந்தாம்மா. அதுதான் எனக்கு மனசு கேக்கல. அண்ணன் வெளிநாட்டுல இருக்கார், எம்பசியில கையெழுத்துப் போட்டு வர ஒரு மாசம் ஆகும்னு ஒரு லெட்டர் குடுத்திருந்தீங்கன்னா, நான் மேல எழுதி டைம் வாங்கிக் குடுத்திருப்பேனே. எத்தனையோ பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். ஏங்க கேக்கல?"

செல்வி புருஷன் பக்கம் திரும்பினார். "போனீகள்ல? டைம் கேக்கத்தான் போறேன்னு சட்டையெல்லாம் மாத்திட்டு வந்தீகள்ல? பாப்போம்னு சொன்னாகன்னு சொன்னீகள்ல?"

வேலுச்சாமி மேசைமேல் இருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகுதான் பேசினார். "வந்தேன். சார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. கதவு வரைக்கும் வந்தேன். சாப்புடுறவுகளத் தொந்தரவு பண்ண வேணாம்னு போயிட்டேன்."

"அப்புறம் வந்திருக்கலாம்ல?" என்றார் ஏ.ஈ.

"கேட்டா, இவனுக்கு அவசரம் இல்ல போலன்னு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவீகளோன்னு ஒரு பயம் சார்."

அந்த அறையில் என்னத்தையாவது சொல்லிச் சிரிக்க வைப்பதுதான் என் பழக்கம். எவ்வளவோ இழவு வீட்டில் கூடச் செய்திருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை.

5. பாண்டி நேரில் வந்தார்

கேஸ் பதிவானதும் பாண்டி வேலையை விட்டுவிட்டு வந்தார். லீவு தரவில்லை, கணக்கை முடித்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு ஆள் நின்றபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஹெல்மெட் இல்லை. போனில் பார்த்ததைவிடக் குட்டை.

"சீலண்ணேதானே? காதக் காட்டவா?" என்றார். அவரும் என்னை மாதிரி ஒரு பிறவிதான்.

வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். "அம்மா, சிம்பிளா முடிச்சுருவோம். அது என் கையெழுத்துதான்னு நான் சொல்லிப்புடுறேன். கையெழுத்துக்காரனே ஒத்துக்கிட்டா அப்புறம் என்ன கேஸு?"

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"சவூதியில."

"பாஸ்போர்ட்ல என்ன இருக்கு?"

பாண்டி சட்டைப் பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி ஒருத்தர்தான் இப்ப மாட்டியிருக்காரு. நீங்க பொய் சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவீங்க. நடந்ததச் சொல்லுங்க. 'எனக்குச் சம்மதம், நான்தான் போடச் சொன்னேன், எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல, தம்பி மேல எனக்குப் புகார் இல்ல'. இவ்வளவுதான். அத வச்சு மதுரையில ஹைகோர்ட்டுல நான் பேசிப் பாக்குறேன்."

"அப்படிச் சொன்னா, தம்பிதான் போட்டான்னு என் வாயாலயே சொன்ன மாதிரி ஆயிரும்லம்மா?"

"ஆமா."

"அவன முன்னால வச்சுக்கிட்டுச் சொல்லணுமா?"

"ஆமா."

பாண்டி நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "நாந்தேம்மா போடுறா போடுறான்னு சொன்னேன். அவன் வேணாம்ணே வேணாம்ணேன்னுதான் சொன்னான். அது வீடியோவுல இல்ல. மதினி அதுக்கப்புறந்தான் எடுக்க ஆரம்பிச்சுருக்கு." தம்பி பொண்டாட்டியை அவர் மதினி என்று கூப்பிடுவது கேலிக்கு. அன்று அவர் கேலியாகச் சொல்லவில்லை, வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி சொன்னார். பலநாள் இழுத்து, மதுரையில் கேஸ் ஒரு வழியாக ரத்தானது. வேலுச்சாமி ஜெயிலுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் மிச்சம். கரண்டு லைனை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மிளகாய் அந்த வெயிலில் ஒரு வாரம் தாங்கியது. அந்த வெளியூர் நோட்டரி மேலும் விசாரணை போனது. சோலைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சொல்லப்போனால் அவர் வயலுக்கும் இவர்கள் மோட்டார்த் தண்ணீர் ஓடிய வாய்க்காலின் கசிவுதான் ஈரம்.

பிறகு ஒருநாள் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஆபீஸுக்கு வந்தார்கள். புதிதாக மனுப் போட வேண்டும், வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். அதற்கும் சம்மதப் பத்திரம் வேண்டுமே. பாண்டி நேரில் வந்து, அடையாள அட்டை காட்டி, வக்கீலம்மாவின் கண் முன்னால், தன் பெயரைத் தானே போட்டார். ஒரு நிமிஷ வேலை. ரிஜிஸ்டரை நீட்டினேன், அதிலும் போட்டார். நான் சீல் குத்தினேன். எந்தக் குறையும் இல்லாத பத்திரம். இதை வைத்துக் கரண்டு வருவதற்குள் அவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

"என் கையெழுத்தவிட அவன் போட்டதுதான் நல்லா இருந்துச்சுண்ணே," என்றார் பாண்டி, தம்பிக்குக் கேட்கட்டும் என்று. வேலுச்சாமி சிரிக்கவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருந்தார். போகும்போதும் ரெண்டு பேரும் சேர்ந்து போகவில்லை. தம்பி முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அண்ணன் அடுத்த பஸ் வரைக்கும் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கோவமா இருக்காரா?" என்று கேட்டேன்.

"கோவம்னா சமாளிச்சிருவேண்ணே. எம் மொகத்தப் பாக்க அவனுக்குக் கூச்சமா இருக்கு. அதுக்கு என்ன செய்யறது?"

வேலுச்சாமி இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். செல்வியும் போய்விட்டார். பாண்டி பாலவனத்தத்திலிருந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த நிலத்தில் இந்த வருஷம் யாரும் விதைக்கவில்லை.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆள் நேரில் வராமல் சீல் கிடையாது. வீடியோ கால் நேர் இல்லை. பிரிண்ட் எடுத்த டிஜிட்டல் கையெழுத்து கையெழுத்து இல்லை. வெளிநாட்டில் இருந்தால் தூதரகம். இதில் ஒன்றையும் தளர்த்தாதீர்கள். அழுதாலும் தளர்த்தாதீர்கள், சேவு வாங்கி வந்தாலும் தளர்த்தாதீர்கள். அந்த வெளியூர்க்காரர் இரக்கப்பட்டுத்தான் தளர்த்தினார். அந்த இரக்கம் ஒரு குடும்பத்தையே தின்றுவிட்டது. வக்கீலம்மா முடியாது என்று சொன்னதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் 'முடியாது' என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறவரை ஒரு நிமிஷம் பாருங்கள். அடுத்து எந்த ஆபீஸ் என்று அவருக்குச் சொல்லியிருப்போம். அந்த ஆபீஸ் வாசலில் நின்று பேச அவருக்கு வாய் வருமா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் வெயிலுக்குப் பயப்படமாட்டார்கள், பாம்புக்குப் பயப்படமாட்டார்கள். ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம், 'சார், எனக்கு ஒரு மாசம் டைம் வேணும்' என்று கேட்க மட்டும் வராது. அதற்கு அண்ணன் பெயரைத் தானே எழுதிவிடுவது அவர்களுக்குச் சுலபம். எனவே, வாய் வராது என்று தெரிந்தால் அந்த லெட்டரை நீங்களே எழுதுங்கள். கூடப் போங்கள். நடந்து போகிற தூரம்தான்.

எனக்குப் படிப்பு இல்லை, நிலம் இல்லை, இருந்த ஒரே சொத்து வாய். வேலுச்சாமி சட்டை மாற்றிக்கொண்டு அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிய அன்று, அந்த வாய் நாலு தெரு தள்ளி, கோர்ட்டு வாசல் பெஞ்சில், பாண்டியின் காதைப் பற்றி எல்லோருக்கும் கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.